ஆடாமல் நின்ற டொலர்

2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரைக்கும் இலங்கையில் டொலரின் உத்தியோகபூர்வ விலையைக் கோடாக வரைந்தால், அது கிட்டத்தட்ட நேர்கோடு. 200க்கும் 203க்கும் இடையிலேயே நின்றது. அந்தக் கோட்டை மட்டும் பார்க்கிற ஆளுக்கு நாடு அமைதியாக இருக்கு எண்டுதான் தோன்றும். மார்ச் 7இல் பிடி தளர்ந்தது. மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தாண்டியது.

சரி, அப்ப ஒரு நாட்டுப் பொருளாதாரத்தின் நிச்சயமின்மையை எதை வைத்து அளக்கிறது?

1921இல் பிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். தாயம் உருட்டினால் எந்த எண் விழும் எண்டு தெரியாது, ஆனால் வாய்ப்பு எவ்வளவு எண்டு கணக்குப் போடலாம். அது ரிஸ்க். வாய்ப்பையே கணக்கிட முடியாதது நிச்சயமின்மை. அதை அளக்கவே முடியாது என்பதுதான் அவருடைய கருத்து.

பிறகு வந்தவர்கள் விடவில்லை. 1993இல் சிக்காகோவில், பங்குச்சந்தை எவ்வளவு ஆடும் எண்டு சந்தையே எதிர்பார்ப்பதைக் காட்ட 'விக்ஸ்' என்ற சுட்டி வந்தது. பேக்கர், புளூம், டேவிஸ் மூவரும் பத்து அமெரிக்கப் பத்திரிகைகளை எடுத்து, பொருளாதாரம், கொள்கை, நிச்சயமின்மை மூன்றும் சேர்ந்து வருகிற கட்டுரைகளை எண்ணினார்கள்.

2015இல் ஜுராடோ, லட்விக்சன், இங் மூவரும் வேறு கேள்வி கேட்டார்கள்: ஆடுறதெல்லாம் நிச்சயமின்மையா? பெரும்போக அறுவடை நேரம் நெல் விலை இறங்கும். அது ஆட்டம்தான், ஆனால் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஆட்டம். அதனால் அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட தரவுத்தொடர்களிலிருந்து எதிர்வுகூறக்கூடிய பங்கைக் கழித்து, மிச்சமாக வரக்கூடிய பிழை எவ்வளவு பெரிது எண்டு அளந்தார்கள். அப்படிப் பார்க்கும்போது, 1960க்குப் பிறகான அமெரிக்காவில் பெரிய நிச்சயமின்மைக் காலங்கள் மூன்றுதான்: 1973-74, 1981-82, 2007-09.

இலங்கையில் நடந்தது இதற்கு மறுபக்கம். ஆடினது எல்லாம் நிச்சயமின்மை இல்லை எண்டால், ஆடாதது எல்லாம் நிச்சயமும் இல்லை. டொலரைப் பிடித்து வைத்ததால் நிச்சயமின்மை வேறு வழியால் வெளியே வந்தது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 முடிவில் 3.1 பில்லியன், அதிலும் கிட்டத்தட்ட பாதி சீனாவுடனான நாணயப் பரிமாற்றம். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த காசு 2020இல் 7.1 பில்லியன், 2021இல் 5.5 பில்லியன். உண்டியலில் கூடுதலாகக் கொடுத்தார்கள், சனம் அங்கே போனது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசை நீண்டது.

உண்டியல்காரர் சொன்ன விலைதான் அப்போது உண்மைக்குக் கிட்டவான அளவுகோல். அந்த விலை கேட்க வெளிநாட்டில் ஆள் இல்லாமல், நேர்கோட்டை நம்பி வங்கியில் ரூபாயைப் போட்டு வைத்தவர்கள்தான் கடைசியில் விலை கொடுத்தார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம்.

அடுத்த முறை 'விலை ஸ்திரமாக இருக்கு' எண்டு யாராவது சொன்னால், எதைச் செலவழித்து அப்படி நிறுத்தி வைச்சிருக்கினம், அது இன்னும் எத்தனை மாதத்துக்குக் காணும் எண்டு கேளுங்கோ.