ஆர். எல். ஸ்டைன்: சிரிப்பும் அருவருப்பும் கலந்த சிறுவர் திகில்

ராபர்ட் லாரன்ஸ் ஸ்டைன் (பிறப்பு: அக்டோபர் 8, 1943) அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக அவர் எழுதிய 'கூஸ்பம்ப்ஸ்' என்னும் திகில் கதை வரிசை உலகெங்கும் 40 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளது. மயிர்க்கூச்செறியும்போது தோலில் எழும் சிறு புடைப்புகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே இவ்வரிசையின் பெயர். பேய், பொம்மை, புழு, பச்சைக் கூழ், நாற்றம் இவற்றையெல்லாம் வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டே சிரிக்கவும் வைத்தவர் ஸ்டைன். நூலகங்களில் இருந்து இவருடைய நூல்களை அகற்றவேண்டும் என்று பெற்றோர் சிலர் போராடியதும், வாசிக்கவே விரும்பாத பிள்ளைகள் இவருடைய நூல்களால் வாசகர்களானதும் ஒரே காலத்தில் நடந்தவை.

இளமை

ஸ்டைன் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். அருகிலுள்ள பெக்ஸ்லியில் வளர்ந்தார். வசதி குறைந்த குடும்பம். சிறுவயதில் அவர் மிகுந்த அச்சம் கொண்டவர். இருட்டிலும், தனியே வீடு திரும்பும்போதும் ஏதோ ஒன்று தனக்காகக் காத்திருப்பதாகவே நினைத்துக்கொள்வார். அந்தப் பயத்தை மறக்காமல் வைத்திருந்ததுதான் பிற்காலத்தில் எழுத்துக்கு உதவியது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் பழைய தட்டச்சுப்பொறி ஒன்று கிடைத்தது. அன்றுமுதல் நகைச்சுவைத் துணுக்குகளையும் சிறு இதழ்களையும் தானே தட்டச்சு செய்து வகுப்புத் தோழர்களுக்குக் கொடுத்து வந்தார்.

அக்காலத்தில் 'ஈ.சி. காமிக்ஸ்' என்னும் நிறுவனம் வெளியிட்ட திகில் படக்கதைகள் அமெரிக்கச் சிறுவரிடையே பெரும் வரவேற்புப் பெற்றிருந்தன. 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்' ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஸ்டைனின் தாயார் இவற்றை வீட்டுக்குள் விடவில்லை. முடி திருத்தும் கடையில் இவை கிடக்கும் என்பதால், வெட்டுவதற்கு முடி இருக்கிறதோ இல்லையோ, சனிக்கிழமைதோறும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாராம். இந்தப் படக்கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிணமும் இரத்தமுமாகக் கதை ஓடி முடிந்ததும், கதைசொல்லியாக வரும் கோரக் கிழவன் ஒரு சிலேடையைச் சொல்லிச் சிரிப்பான். ஸ்டைனின் எழுத்து முழுவதற்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

படக்கதை விசாரணை

இப்படக்கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்த்தம் 1954இல் நூல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க மேலவையின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. ஈ.சி. நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ் தாமே முன்வந்து சாட்சியம் அளித்தார். வெட்டுண்ட தலையை அட்டைப்படமாகப் போட்டது நல்ல ரசனையா என்று கேட்கப்பட்டபோது, திகில் இதழுக்கு அது பொருத்தமே என்று அவர் சொன்ன விடை அவருக்குக் கேடாக முடிந்தது. பதிப்பாளர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டனர். இதழின் தலைப்பில் திகில் என்ற சொல்லே வரக்கூடாது, நடைப்பிணமும் இரத்தக் காட்டேரியும் கூடாது என்றன அவ்விதிகள். ஈ.சி.யின் திகில் இதழ்கள் நின்றன. அந்நிறுவனத்தில் தப்பிப் பிழைத்தது 'மேட்' என்னும் நையாண்டி இதழ். ஸ்டைனுக்கு அதுவும் உயிர்.

நாற்பது ஆண்டுகள் கழித்து இதே வழக்கு வேறு உருவில் ஸ்டைனின் வாசலுக்கே வந்தது.

நகைச்சுவை எழுத்தாளர்

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 'சன்டயல்' என்னும் நகைச்சுவை இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1965இல் பட்டம் பெற்றார். ஓராண்டு பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் மாணவர்கள் விரும்பியதைப் படிக்கலாம் என்று விட்டுவிட்டு, தாமும் உட்கார்ந்து படக்கதை படித்ததாகப் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். (ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமையின் அருமை விளங்கும்.)

பிறகு நியூயார்க் சென்று 'ஸ்காலஸ்டிக்' பதிப்பகத்தில் சேர்ந்தார். 1975 முதல் 1984 வரை அங்கிருந்து வெளிவந்த 'பனானாஸ்' என்னும் இளையோர் நகைச்சுவை இதழை நடத்தினார். 'ஜோவியல் பாப் ஸ்டைன்' என்ற பெயரில் பல துணுக்கு நூல்கள் எழுதினார். 1969இல் அவர் மணந்த ஜேன், பின்னாளில் 'பாராசூட் பிரஸ்' என்னும் நூல் தயாரிப்பு நிறுவனத்தை ஒரு தோழியுடன் சேர்ந்து தொடங்கினார். கணவர் எழுதுபவர், மனைவி திருத்துபவர் என்ற ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது.

திகில் பக்கம் அவர் தாமாக வரவில்லை. பதிப்பாசிரியர் ஒருவர் 'பிளைன்ட் டேட்' என்ற தலைப்பை மட்டும் கொடுத்துப் பதின்ம வயதினருக்கு ஒரு திகில் நாவல் எழுதச் சொன்னார். அப்படி ஒரு வகை இருப்பதே அறியாத ஸ்டைன், புத்தகக் கடைக்கு ஓடிப்போய்ப் பிறர் எழுதியவற்றை வாங்கிப் படித்துவிட்டு எழுதினார். 1986இல் வெளிவந்த அந்நூல் நன்கு விற்றது. 1989இல் 'ஃபியர் ஸ்ட்ரீட்' வரிசை தொடங்கியது. துணுக்கு எழுத்தாளர் ஜோவியல் பாப் அத்துடன் ஓய்வு பெற்றார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

கூஸ்பம்ப்ஸ்

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு எழுதலாமே என்று பாராசூட் நிறுவனத்தார் வற்புறுத்தினர். தொலைக்காட்சி நிகழ்ச்சி இதழில் கண்ட ஒரு விளம்பர வரியிலிருந்து பெயர் கிடைத்தது. 1992 ஜூலையில் முதல் நூலான 'வெல்கம் டு டெட் ஹவுஸ்' வெளிவந்தது. இறந்தவர்கள் வாழும் ஊருக்கு ஒரு குடும்பம் குடிபோகும் கதை. முதல் சில மாதங்கள் விற்பனை இல்லை. பிறகு விளம்பரம் ஏதுமின்றி, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லியே பரவியது. உச்சக் காலத்தில் மாதம் 40 இலட்சம் பிரதிகள் விற்றன. 1997 வரை வந்த முதல் வரிசையில் மட்டும் 62 நூல்கள். ஏறக்குறைய மாதத்திற்கு ஒன்று.

முதல் நூலில் அச்சம் மிகுந்துவிட்டது, சிரிப்புக் குறைந்துவிட்டது என்று ஸ்டைனே பின்னர் கருதினார். மூன்றாம் நூலான 'மான்ஸ்டர் பிளட்' சரியான கலவையைக் காட்டுகிறது. எவன் என்னும் சிறுவன் பொம்மைக் கடையில் தூசி படிந்த டப்பா ஒன்றை வாங்குகிறான். உள்ளே பச்சை நிறக் கூழ். பந்துபோல் எகிறுகிறது, கையில் ஒட்டுகிறது, நாளுக்கு நாள் வளர்கிறது. நாய் அதைத் தின்றுவிட்டு மாடுபோல் பெருக்கிறது. பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கும் இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 'கோ ஈட் வோர்ம்ஸ்' கதையில் மண்புழுவை இரண்டாக வெட்டி வேடிக்கை பார்த்த சிறுவனுக்குப் போகுமிடமெல்லாம் புழு.

இவ்வரிசையில் மிகச் சிறந்தது 'தி ஹான்டட் மாஸ்க்' (1993). ஸ்டைனின் மகன் ஹாலோவீன் நாளில் மாட்டிய பூத முகமூடியைக் கழற்ற முடியாமல் திணறியதைக் கண்டு பிறந்த கதை. பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுத்த கார்லி பெத்துக்குச் சாண்ட்விச்சில் புழுவை வைத்துக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் பையன்கள். பழிவாங்க அவள் வாங்கும் கோர முகமூடி அவள் தோலோடு தோலாகிவிடுகிறது. கேலி செய்யப்பட்ட குழந்தையின் கோபம் அவளையே விழுங்கும் கதை இது. மற்ற பல நூல்களில் இல்லாத ஆழம் இதில் இருக்கிறது.

நூல்களின் அமைப்பு எளிது. ஏறத்தாழ 120 பக்கம், மிகச் சிறிய அத்தியாயங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் அலறலில் முடியும். அடுத்ததைப் புரட்டினால் அது தம்பியின் குறும்பாகவோ பூனையாகவோ இருக்கும். கதை முடிந்தது என்று மூச்சுவிடும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு திருப்பம். ஸ்டைன் முதலில் தலைப்பை வைத்துக்கொள்வார், பின் அத்தியாயவாரியாக முழுக் கதைத்திட்டம் எழுதுவார், அதன்பிறகே கதை. போதைப்பொருள், மணமுறிவு முதலிய நிஜத் துயரங்களைத் தவிர்ப்பார். இது நடக்க முடியாதது என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்தான் பயம் விளையாட்டாகும் என்பது அவர் கொள்கை.

குறையும் உண்டு. பாத்திரங்கள் பெயரளவில்தான் வேறுபடுவர். நடை தட்டையானது. பத்து நூல் படித்தவர் பதினொன்றாவதன் முடிவை ஊகித்துவிடலாம். ஆனால் பத்து நூல் படித்த பத்து வயதுப் பிள்ளை என்பதே பல வகுப்பறைகளில் அரிய செய்தி.

எதிர்ப்பும் சரிவும்

1990களில் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றுமாறு முறையிடப்பட்ட நூல்களைப் பற்றி அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் கூஸ்பம்ப்ஸ் இடம்பெற்றது. பேய், மாந்திரீகம், வன்முறை, சிறுவருக்கு ஒவ்வாத அச்சம் என்பன குற்றச்சாட்டுகள். மினசோட்டாவின் அனோகா பகுதியில் 1997இல் ஒரு தாயின் முறையீட்டை விசாரித்த குழுவின் முன் பிள்ளைகளே வந்து நூல்களுக்காகப் பேசினர். நூல்கள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. 1954ஆம் ஆண்டு விசாரணையில் சிறுவர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசினார்கள். இம்முறை சிறுவர்களும் பேசினார்கள் என்பது பெரிய மாற்றம்.

தடை கோரியவர்களால் முடியாததைச் சந்தை செய்தது. அதே ஆண்டு விற்பனை சரிந்து, விற்காத பிரதிகள் குவிய, ஸ்காலஸ்டிக் நிறுவனத்தின் பங்கு விலை கடுமையாக வீழ்ந்தது. ஸ்காலஸ்டிக்குக்கும் பாராசூட்டுக்கும் ஒப்பந்தச் சண்டை மூண்டது. 2000இல் வரிசை நின்றுபோனது. 2003இல் உரிமைகளை ஸ்காலஸ்டிக் விலைக்கு வாங்கியபின், 2008இல் 'ஹாரர்லேண்ட்' என்ற புது வரிசையுடன் மீண்டும் தொடங்கியது.

இடைக்காலத்தில் ஸ்டைன் சும்மா இருக்கவில்லை. 2005 முதல் 'ராட்டன் ஸ்கூல்' வரிசையில் பேயே இல்லாமல், ஓர் உறைவிடப் பள்ளியின் குறும்புகளையும் நாற்றங்களையும் மட்டும் வைத்து எழுதினார். 'கார்பேஜ் பெயில் கிட்ஸ்' என்னும் அருவருப்புப் பட அட்டைகளின் பாத்திரங்களைக் கொண்டு அவர் எழுதிய நூல் 2020இல் வெளிவந்தது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருதும் அவருக்குக் கிடைத்துள்ளது.

2015இல் வெளிவந்த 'கூஸ்பம்ப்ஸ்' திரைப்படத்தில் ஸ்டைனாக நடித்தவர் ஜாக் பிளாக். படத்தின் முடிவில் பள்ளித் தாழ்வாரத்தில் உண்மையான ஸ்டைன் ஒரு கணம் எதிரே வருகிறார், நாடக ஆசிரியராக. அந்த ஆசிரியரின் பெயர் மிஸ்டர் பிளாக்.