அணையா அடுப்பும் அடைபட்ட பள்ளியும்

நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில் எழுந்தது சத்திய தருமச்சாலை. 21 அடி நீளமுள்ள அவ்வடுப்பை நாடி வருவோரை ஊர் எது, குலம் எது என்று வினவுவதில்லை; வயதும் கேட்பதில்லை. பசித்திருத்தல் ஒன்றே தகுதி. ஆகார தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் சமணர்க்கு இதன் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் உணவு வேறு வழியில் வந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாள்தோறும் ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க முன்வந்தது. பின்னர் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. இங்கே கணக்கு உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம். இக்கணக்கை இகழ்வதற்கில்லை. வீட்டில் எத்தனை வாய்கள் காத்திருப்பினும், பள்ளித் தட்டில் இட்ட சோறு அப்பிள்ளைக்கே உரியது என்பதற்கு அதுவே காவல்.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டன. பிள்ளைகளின் உணவு என்னாகும் என்று மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து மாநிலங்களை வினவியது. தமிழகத்தில் சமைத்த உணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் உலர்பொருளாக வழங்கப்பட்டன. செய்யத்தக்க செயலே. ஆயினும் மதிய உணவின் இயல்பு அங்கே மாறிற்று. தட்டில் இருந்தவரை பிள்ளைக்குரியதாயிருந்த 100 கிராம், வீட்டு உலையில் விழுந்ததும் குடும்பத்தின் பங்காயிற்று. கூலி வேலை நின்றுபோன தந்தையும், முதிய பாட்டியும், பள்ளி வயது எட்டாத தம்பியும் அதே பானையை நோக்கியிருந்தனர். எந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் அளந்து வடிப்பாள்? நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசியும், ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாயும் கிடைத்திராவிடில் அப்பங்கு இன்னும் சுருங்கியிருக்கும்.

குடும்பத்தின் பசியைப் பிள்ளையின் பசியினின்று பிரிக்க இயலாது என்பதை அரசு நோய்க்காலத்தில் எதிர்கொண்டது. தருமச்சாலையோ தொடக்கத்திலிருந்தே அவ்வாறு பிரித்ததில்லை. தாயும் பிள்ளையும் அங்கே ஒரே பந்தியில் அமரலாம்.

2021 நவம்பர் 1 அன்று, ஏறத்தாழ இருபது மாதங்களுக்குப் பின், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் தமிழகத்தில் மீண்டும் திறந்தன. பிள்ளைகளின் 100 கிராம் மறுபடியும் அவர்தம் தட்டுக்கு வந்தது.