தொட்டால் சிதையும் நினைவுகள்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, பழைய ஏடுகளின் நிலையைப் பதிப்புரையிலே சொல்லி வருந்தினார். கையிலெடுத்தாலே ஏடு உதிர்ந்துபோகிறது என்பதே அக்கவலையின் சாரம். படிக்க வேண்டுமானால் தொடவேண்டும், தொட்டால் அழியும். இச்சிக்கல் ஓலையோடு முடிந்துவிடவில்லை. கணினி வன்தட்டின் வரலாறும் ஒருவகையில் இதே சிக்கலின் வரலாறுதான்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய ரமக் கணினியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள். வாசிப்புத் தலை தட்டில் உரசாதிருக்க, அமுக்கிய காற்றைச் செலுத்தி 20 மைக்ரோமீற்றர் அளவான இடைவெளியைப் பேணினார்கள்.

1973இல் வந்த ‘வின்செஸ்ரர்’ வகை வன்தட்டு வேறுவழி கண்டது. தட்டு நிற்கும்போது இலேசான தலை, மசகு பூசிய பரப்பிலேயே அமர்ந்திருக்கும். தட்டு வேகமாகச் சுழன்றதும், அச்சுழற்சி இழுத்துவரும் காற்றே தலையை மேலெழுப்பிவிடும். தொடுகை, புறப்படும்போதும் நிற்கும்போதும் மட்டுமே.

கூடுதலாக எழுத வேண்டுமானால் தலை இன்னுந் தாழப் பறக்கவேண்டும். அதற்குத் தட்டு மேலும் வழவழப்பாக இருக்கவேண்டும். அந்த வழவழப்பே புதிய பகையாயிற்று. நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல, நின்ற தட்டோடு தலை ஒட்டிக்கொண்டது. பொறியியலாளர் இதனை ‘ஸ்டிக்ஷன்’ என்றனர். மோட்டார் திணறும், தட்டு சுழலாது.

மாரிகாலத்தில் சில வாரங்கள் மூடிக்கிடந்த என் பழைய கணினிக்கு இதுவே நேர்ந்தது. திருத்துநர் வன்தட்டைக் கழற்றி, மணிக்கட்டை வெடுக்கெனத் திருப்பி ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் பொருத்தினார். அது இரைந்தபடி எழுந்தது. “ஐயா, இப்பவே பிரதி எடுங்கோ. அடுத்தமுறை எழும்பாது” என்றார். ஆண்டுக்கணக்கான குறிப்புகள் அதற்குள் இருந்தன. அன்றிரவே பிரதி எடுத்தேன்.

1990களில் தலை இறங்கும் வளையத்தில் மட்டும் லேசர் கதிரால் நுண்மேடுகளை உருவாக்கி, ஒட்டுதலைக் குறைத்தார்கள். வழவழப்பின் நோய்க்குச் சொரசொரப்பே மருந்தாயிற்று! பின்னர், தட்டுக்கு வெளியேயுள்ள சிறு சாய்தளத்தில் தலை ஏறி ஓய்வெடுக்கும் முறை பரவியது. இன்று தட்டின்மேல் மெல்லிய காபன் பூச்சும் அதன்மேல் மசகுப் படலமும் உண்டு. எழுதும்போதும் வாசிக்கும்போதும் இடைவெளி சில நனோமீற்றர்தான். தலைமயிரின் தடிப்போ பல்லாயிரம் நனோமீற்றர். ஓடும் வன்தட்டு கீழே விழுந்தால் தலை பரப்பைச் சுரண்டிவிடக்கூடும். அவ்விடத்து எழுத்து தூளாகிப்போகும்.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த சமூகத்திலிருந்து 2005இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் பிறந்தது இயல்பே. ஆயினும், எண்ணிமமாக்கியதாலேயே ஒரு நூல் சாகாவரம் பெற்றுவிடாது. ஒரே வன்தட்டில் மட்டும் இருக்கும் நூல், ஒரே ஏட்டுக்கட்டில் இருந்த நூலைப் போன்றதே.

தாமோதரம்பிள்ளை ஏட்டைப் பூட்டிவைக்கவில்லை. அச்சிட்டுப் பல கைகளிற் சேர்த்தார். உங்கள் அலுமாரியில், ஊர்ப் படங்களும் பழைய சஞ்சிகைகளும் அடங்கிய வன்தட்டு ஒன்று தனியே கிடக்கிறதா? இன்றே இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டிற் சேர்த்துவிடுங்கள்.