ஹார்விச் நகரத்துப் படக்கொட்டகை உய்ந்த வரலாறு

இங்கிலாந்தின் கீழ்க்கடற்கரையில், எசெக்ஸ் ஜில்லாவின்கண், ஹார்விச் என்னும் சிறு துறைமுகப் பட்டினம் உளது. ஊர்தோறும் சென்று சலனப்படம் காட்டிவந்த சார்லஸ் தர்ஸ்டன் என்பார், 1911 நவம்பரில், ஆங்கு 'எலெக்ட்ரிக் பாலஸ்' என்னும் நிலையான கொட்டகையைத் திறந்தனர். அக்காலப் படச்சுருள் எளிதிற் றீப்பற்றும் இயல்பினது. ஆதலின், படங்காட்டும் அறை மக்கள் இருக்கும் மன்றத்தினின்றும் பிரிந்திருத்தல் வேண்டுமென 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி விதிக்கப்பட்டது. அவ்விதிப்படி எழுந்த அறை இக்கொட்டகையில் இன்றும் அழியாதுளது. இதன் அருமை அதுவே.

நிற்க. 1953-இல் கடல் பொங்கி ஊருக்குட் புகுந்தது. 1956-இல் கொட்டகையும் மூடப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததனை 1972-இல் அறிந்தோர் கண்டு எடுத்துரைக்க, அரசினர் காக்கத்தகும் கட்டடமெனப் பதிவு செய்தனர். எனினும், பதிவேடு கூரை வேயுமோ? 1975-இல் அன்பர் சிலர் அறநிலையம் ஒன்று நிறுவிப் பொருளீட்டிப் பழுது நீக்கினர். 1981-இல், எழுபதாம் ஆண்டு நிறைவில், திரையில் மீண்டும் ஒளி வீழ்ந்தது.

நம்மவர்காள்! நம் முன்னோர் எழுப்பிய நாடகக் கொட்டகைகளும் சத்திரங்களும் பூட்டிக் கிடப்பன பல. இடிந்தபின் இரங்குதலாற் பயனில்லை. சுவர் நிற்கும்பொழுதே ஊர்தோறும் ஒரு குழு கூடிக் காத்தல் நம் கடனாம்.