வேட்டைக்காரர் வீட்டுச் சோறு

திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பசித்து வரும் பாணர்களுக்கு வேலூரில் வேட்டுவக் குடிப் பெண்களான எயிற்றியர் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் சூட்டிறைச்சியும் தருகிறார்கள். (ஆமான் மான் அல்ல, காட்டுப்பசு.) மான்கறி புறநானூற்றின் 33ஆம் பாட்டில் வருகிறது. வேட்டுவன் கறி கொண்டுவந்த கூடை நிறைய உழவர் வீட்டுப் பெண்கள் வெண்ணெல் முகந்து கொடுக்கிறார்கள். அவனைத் தள்ளி நிற்கச் சொல்பவர் பாட்டில் யாருமில்லை.

எயினரின் வாரிசுதான் இருளர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இதே மண்ணில் வேட்டையை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பின், உரிமம் வாங்கிய துரை சுட்டால் விளையாட்டு. இருளர் கண்ணி வைத்தால் குற்றம்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. மான் பிழைக்கட்டும். காட்டு மக்களுக்கென்றே வந்த 2006 வன உரிமைச் சட்டமும் மற்ற மரபுரிமைகளை ஏற்று, வேட்டையைப் பெயர் சொல்லியே விலக்கியது.

சரி, பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? பாம்பு பிடிக்கும் இருளருக்கு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில். விழுப்புரம், திண்டிவனம் வட்டார இருளருக்கோ செங்கல் சூளையும் அரிசி ஆலையும் அங்கே கொத்தடிமை வேலையும்தான். எங்காவது திருட்டு என்றால் பொய் வழக்கு. தாங்கள் பழங்குடி என்று ஒரு சான்றிதழ் வாங்கவே பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.