பயணிகள் திரும்பி வருவாங்க, அன்னைக்கு உங்க ஷேர் இருக்குமா?

இந்த எபிசோடை ஒரு 25 ரூபாய் ஷேர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல பாலவநத்தம்னு ஒரு ஊர் வரும். பஸ்ல போறவங்க பெரும்பாலும் கவனிக்காம கடந்துபோற ஊர். அந்த ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினவர்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்போம். 1906-ல தூத்துக்குடியில தொடங்கின சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கும் அவர்தான் தலைவர். வ.உ.சிதம்பரம் பிள்ளை அதுல உதவிச் செயலாளர். கம்பெனியோட மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 ஷேர், ஒவ்வொண்ணும் 25 ரூபாய்.

"கப்பலோட்டிய தமிழன் கதை எங்களுக்குத் தெரியுமே"ன்னு நீங்க சொல்லலாம். விடுதலைப் போராட்டக் கதையா தெரியும். நான் இன்னைக்கு அதை ஷேர் வாங்கினவங்க பக்கத்துல இருந்து சொல்லப்போறேன். ஏன்னா, பயணத் தொழில் படுத்துக் கிடக்கும்போது விமானக் கம்பெனி ஷேரும் டூர் கம்பெனி ஷேரும் மலிவா கிடைக்குமே, வாங்கிப் போடலாமாங்கிற கேள்விக்கு நான் பார்த்த நல்ல பதில் அந்தக் கதையில இருக்கு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். செபியில பதிவு பண்ண ஆலோசகர் இல்ல. இது வரலாறு, டிப்ஸ் இல்ல.

கூட்டம் இருந்தது, கம்பெனி இல்ல

அந்தக் காலத்துல தூத்துக்குடி – கொழும்பு வழியில கப்பலுக்கு ஆள் பஞ்சமே கிடையாது. ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையில மழை பொய்க்கும்போதெல்லாம் சனங்க இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குக் கிளம்புவாங்க. வியாபாரிகளும் போய் வருவாங்க. அந்த வழியைக் கையில வச்சிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி.

சுதேசிக் கம்பெனி முதல்ல கப்பலை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டிச்சு. பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கடி கொடுத்ததும் கப்பல் சொந்தக்காரர் பின்வாங்கிட்டார். வாடகைக் கப்பலை நம்பினா இதுதான் நிலைமைன்னு புரிஞ்சு, வ.உ.சி. ஊர் ஊரா ஷேர் வித்து, காலியா, லாவோன்னு ரெண்டு சொந்தக் கப்பலைக் கொண்டுவந்தார். 1907-ல ரெண்டும் தூத்துக்குடி வந்து சேர்ந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் சாதாரண வகுப்புல மட்டும் 1,300 பேர் போகலாம்.

அப்புறம் நடந்தது கட்டணப் போர். பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கிச்சு. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கிச்சு. பதிலுக்கு அவங்க டிக்கெட்டே வேணாம், ஏறுங்கன்னு சொல்லி, ஏறினவங்களுக்குக் குடையும் இலவசமா கொடுத்தாங்க. ஜியோ வந்தப்போ மத்த போன் கம்பெனிகளுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்த தலைமுறை நாம. இது நமக்குச் சட்டுனு புரியும்.

இங்க கவனிக்க வேண்டியது இதுதான். சுதேசிக் கப்பலுக்கு ஆள் வராம இல்ல. இலவசத்தை விட்டுட்டு இவங்க கப்பல்ல ஏறின சனங்க உண்டு. ஆனா பிரிட்டிஷ் கம்பெனிக்கு வேற எத்தனையோ கடல்வழிகள்ல இருந்து பணம் வந்துச்சு. தூத்துக்குடியில வருஷக்கணக்கா நஷ்டப்பட்டாலும் அது தாங்கும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரே வழி, அதுக்கு மேல அரசாங்கத்தோட பகை. 1908 மார்ச் 12-ல வ.உ.சி. கைது. ஜூலையில ரெண்டு ஆயுள் தண்டனை. 1911-ல கம்பெனியைக் கலைச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல பாண்டித்துரைத் தேவரும் காலமானார். காலியா கப்பல் கடைசியில அந்தப் போட்டிக் கம்பெனிக்கே விலை போச்சு.

அந்த 25 ரூபாயைப் போட்டவங்க எல்லாரும் லாபத்துக்காகப் போடல. நாட்டுக்காகன்னு போட்டவங்க நிறைய. அவங்க செஞ்சது வீண்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ஷேர் கணக்கா மட்டும் பார்த்தா ஒரு உண்மை மிஞ்சும். தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு அதுக்கப்புறமும் சனங்க போனாங்க. பயணம் தொடர்ந்துச்சு. அந்த ஷேர் தொடரல.

"மக்கள் மறுபடி ஊர் சுத்துவாங்களா?"ங்கிறது ஒரு கேள்வி. "அவங்க சுத்த வரும்போது இந்தக் கம்பெனி இருக்குமா, அதுல என் பங்கு அப்படியே இருக்குமா?"ங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு வரலாறு எப்பவும் ஆமான்னுதான் சொல்லியிருக்கு. பணம் போறது ரெண்டாவது கேள்வியில.

2019: சீட் நிறைஞ்ச வருஷத்துல விழுந்தவங்க

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டம் விழுந்தா, கூட்டம் தாங்காம விழுந்துச்சா, இல்ல உள்ளேயே இருந்த கோளாறுலயான்னு முதல்ல பிரிச்சுப் பார்ப்போம். பயணக் கம்பெனிகளை அப்படிப் பார்க்க 2019 நல்ல வருஷம்.

அந்த வருஷம் இந்தியாவுக்குள்ள மட்டும் 14 கோடிக்கு மேல விமானப் பயணங்கள். அதுவரைக்கும் அதுதான் உச்சம். அதே வருஷம் ஏப்ரல் 17-ல ஜெட் ஏர்வேஸ் கடைசியா அமிர்தசரஸ்ல இருந்து மும்பைக்குப் பறந்து நின்னுபோச்சு. ஜூன்ல காக்ஸ் அண்ட் கிங்ஸ் டூர் கம்பெனி கடன் தவணை கட்ட முடியாம தவறுச்சு. 1758-ல இருந்து இருக்கிற பேர் அது. செப்டம்பர் 23-ல இங்கிலாந்தோட தாமஸ் குக் கவிழ்ந்துச்சு. 178 வருஷக் கம்பெனி. சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அரசாங்கம்தான் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மூணும் விழுந்தது ஆள் வராததால இல்ல. கொரோனா அப்போ வரவே இல்ல. மூணுக்கும் பொதுவா இருந்தது கடன்.

விமானத் தொழிலோட சங்கடம் என்னன்னா, விக்கிற சரக்கு நம்ம பக்கத்து மல்லிகைப்பூ மாதிரி. இன்னைக்கு விக்காத சீட்டை நாளைக்கு விக்க முடியாது. செலவு மட்டும் நிக்காது. விமான வாடகை டாலர்ல போகும், எரிபொருள் விலை உலகச் சந்தை சொல்றபடி ஏறும், சம்பளம், பார்க்கிங் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். வரவு ஒரு மாசம் நின்னா போதும், கடன்காரன் வாசல்ல நிப்பான்.

ஜெட் ஏர்வேஸ் ஷேர் 2005-ல பொதுமக்களுக்கு 1,100 ரூபாய்க்கு வித்தது. பறக்கிறதை நிறுத்தின பிறகும் அந்த ஷேர் சந்தையில கைமாறிட்டுத்தான் இருந்துச்சு. யாராவது வாங்கி மறுபடி ஓட்டுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. அஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்த வழக்குல, 2024 நவம்பர் 7-ல உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிடுச்சு.

கலைச்சா யாருக்கு என்ன கிடைக்கும்? 2016-ல வந்த திவால் சட்டம் வரிசை போட்டு வச்சிருக்கு. முதல்ல திவால் நடவடிக்கைக்கான செலவு. அடுத்து தொழிலாளர் பாக்கியும், அடமானம் வச்சுக் கடன் கொடுத்த வங்கியும். அதுக்கு அடுத்து மத்த ஊழியர்கள், அடமானம் இல்லாம கடன் கொடுத்தவங்க, அரசாங்கம், மீதிக் கடன்காரங்க. எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினா முன்னுரிமைப் பங்குக்காரர். அவருக்கும் பின்னாடி, பந்தியில கடைசி இலை, நீங்களும் நானும் வாங்கற சாதாரண ஷேர். அந்த இலைக்குச் சோறு வந்து சேர்றது அபூர்வம்.

2020: காத்திருக்க முடிஞ்சவங்க

2020 மார்ச் 25-ல உள்நாட்டு விமானம் மொத்தமா நின்னது. ரெண்டு மாசம் கழிச்சு மே 25-லதான் மறுபடி பறந்துச்சு. இண்டிகோவோட தாய்க் கம்பெனி இன்டர்குளோப் ஏவியேஷன் ஷேர் அந்த மார்ச்ல 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கிச்சு. அடுத்த ரெண்டு நிதியாண்டுலயும் நஷ்டம் மட்டும் கிட்டத்தட்ட 12,000 கோடி. ஆனா சரிவு வந்தப்போ அவங்க கையில எடுத்துச் செலவு பண்ணக்கூடிய ரொக்கமாவே சுமார் 8,900 கோடி இருந்துச்சு. புது ஷேர் வித்து 4,000 கோடி திரட்டலாம்னு திட்டம் போட்டு, அப்புறம் அதையும் கைவிட்டாங்க. 2023–24-ல லாபம் 8,000 கோடியைத் தாண்டுச்சு. ஷேர் 4,000 ரூபாய்க்கு மேல போச்சு.

"புது ஷேர் விக்கல"ங்கிறதை ஏன் அழுத்திச் சொல்றேன்? திருச்சுழிப் பக்கம் தோட்டம் இருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஒரு கிணத்துல நாலு பங்கு இருந்தா, நாலு நாளைக்கு ஒரு முறை உங்களுக்குத் தண்ணி. கஷ்டகாலத்துல பணத்துக்காக இன்னும் நாலு பேரைப் பங்குக்குச் சேர்த்தா, கிணறு பிழைக்கும், உங்க முறை எட்டு நாளைக்கு ஒரு தடவை ஆயிடும். அடுத்த வருஷம் மழை கொட்டி ஊத்து திறந்தாலும், பழைய தண்ணி உங்களுக்கு வராது.

கார்னிவல்னு அமெரிக்காவுல ஒரு சுற்றுலாக் கப்பல் கம்பெனி. 2020 தொடக்கத்துல அதோட ஷேர் சுமார் 50 டாலர். கப்பல் எல்லாம் நின்னதும், உயிர் பிழைக்க ஏப்ரல்ல 8 டாலருக்குப் புது ஷேர் வித்தாங்க. 11.5 சதவீத வட்டிக்குக் கடனும் வாங்கினாங்க. 2023-ல கூட்டம் திரும்பிச்சு, வருமானம் கம்பெனி வரலாற்றுலயே அதிகம். ஷேர் அந்த வருஷக் கடைசியிலயும் 20 டாலரைத் தொடல. பயணம் முழுசா திரும்பியும் பழைய பங்குக்காரருக்குப் பழைய விலை திரும்பல. 8 டாலருக்கு வாங்கினவருக்கு லாபம், 50 டாலருக்கு வாங்கி வச்சிருந்தவருக்கு நஷ்டம்.

சூதாட்டம் ஜெயிச்ச கதையும் உண்டு

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும். 2010-ல கலாநிதி மாறன் ஸ்பைஸ்ஜெட்ல பெரிய பங்கு வாங்கினார். 2014 டிசம்பர்ல எரிபொருள் கம்பெனிகள் கடனுக்குத் தரமாட்டோம்னு சொல்ல, விமானங்கள் சில மணி நேரம் தரையிலயே நின்னுச்சு. ஷேர் 20 ரூபாய்க்கும் கீழே. 2015 தொடக்கத்துல மாறன் தன் பங்கு முழுசையும் விட்டுக்கொடுக்க, அஜய் சிங் கைக்குக் கம்பெனி போச்சு. அதே சமயத்துல கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்துச்சு. 2017-ல ஷேர் 100 ரூபாயைத் தாண்டுச்சு.

பயந்து கிடந்த நாள்ல வாங்கினவங்களுக்குப் பணம் பல மடங்கு. கம்பெனியையே வச்சிருந்தவர் தன் பங்கை விட்டுட்டு வெளியேறினார். வாங்கினவங்களைக் காப்பாத்தினதுல பெரிய பங்கு எண்ணெய் விலை. அது இந்தக் கம்பெனி கையில இருந்த விஷயம் இல்ல. அப்புறம் அதே ஷேர் மறுபடி 100-க்கு ரொம்பக் கீழே இறங்கிடுச்சு.

அப்போ எதைப் பார்க்கறது?

அருப்புக்கோட்டையில நூல் மில்லுல வேலை பார்க்கிற என் சித்தப்பா பையன் ஒருநாள் போன்ல கேட்டான்: "அண்ணே, ஒரு பிளைட் கம்பெனி ஷேர் பாதி விலைக்குக் கிடக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருக்கிற பணத்துல கொஞ்சம் போடட்டுமா?" நான் அவன்கிட்ட திருப்பிக் கேட்டது நாலு கேள்வி.

ஒண்ணு, ஒரு பைசா வரவு இல்லாம இந்தக் கம்பெனி எத்தனை மாசம் தாங்கும்? ஆண்டறிக்கையில ரொக்கத்தைப் பாரு. அதுல எவ்வளவு வங்கியில பிடிச்சு வச்சிருக்காங்க, எவ்வளவு எடுத்துச் செலவு பண்ணலாம்னு பிரிச்சுப் பாரு. ரெண்டு, அடுத்த ஒரு வருஷத்துல கட்டவேண்டிய கடனும் விமான வாடகையும் எவ்வளவு? மூணு, முதலாளி தன்னோட ஷேரை அடமானம் வச்சிருக்காரா, கம்பெனி புது ஷேர் விக்கப்போகுதா? டூர் கம்பெனின்னா, வாடிக்கையாளர்கிட்ட முன்பணமா வாங்கினதைத் தன் பணமா காட்டுதா? டூர் ரத்தானா அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்.

நாலாவது கேள்வி கம்பெனியைப் பத்தி இல்ல. இந்தப் பணம் உனக்கு எப்போ வேணும்? இண்டிகோ லாபத்துக்குத் திரும்ப மூணு வருஷம் ஆச்சு. ஆறு மாசத்துல கல்யாணம்னா, கம்பெனி பிழைச்சாலும் உன்னால காத்திருக்க முடியாது. அடிமட்ட விலையில நீயே வித்துட்டு வெளிய வருவ. காத்திருக்கிற தெம்பு கம்பெனிக்கு மட்டும் இருந்தா பத்தாது.

நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாறு வருஷத்துல பாதிக்கு மேல மணலாத்தான் கிடக்கும். மழை வராதுன்னு யாரும் ஊரைக் காலி பண்ணல, எப்பவோ ஒருநாள் வரும்னு தெரியும். ஆனா புரட்டாசியில மழை விழுற அன்னைக்கு, பஞ்சத்துல விதையை வித்துத் தின்னவர் வரப்புல நின்னு அடுத்தவர் காட்டைத்தான் பார்க்கணும். மழை வருமான்னு கணிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. குதிருக்குள்ள விதை இருக்கான்னு எட்டிப் பார்க்கறது நம்ம வேலை.

அவ்வளவுதான் இந்த எபிசோட். அடுத்த தடவை அந்த ரோட்டுல போனா, பாலவநத்தம் வரும்போது போனைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் வெளிய பாருங்க.