எக்ஸ்பி ஓய்வு பெற்ற ஆண்டு

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் சென்னையில் எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. தியாகராய நகர்த் துணிக்கடைகளில் பில் போடும் பொறிகளும், மயிலாப்பூர் ஜெராக்ஸ் கடைகளில் இருந்த பொறிகளும் மறுநாள் வழக்கம்போல் இயங்கின. ஆயினும் அந்நாளோடு, விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பிக்கு அப்போது வயது பன்னிரண்டரை.

நன்றாக ஓடும் பொறிக்கு என்ன ஆபத்து என்று கேட்கத் தோன்றும். ஒரு பூட்டுக் கம்பெனியை எண்ணிப் பாருங்கள். தன் பூட்டுகளில் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்து, புதிய பூட்டுகளுக்கு மட்டும் இலவசமாகச் சரிசெய்து தருகிறது. பழைய பூட்டுகளின் உள்ளமைப்பும் பெரும்பாலும் அதேதான். இப்போது திருடனுக்குக் கம்பெனியே வழிகாட்டிவிடுகிறது! கணிப்பொறியிலும் இப்படித்தான். விண்டோஸ் 7-க்கு வந்த திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரியும். அதே ஓட்டை எக்ஸ்பியில் அடைபடாமல் கிடக்கும்.

இது வெறும் கற்பனை அன்று. 2017 மே 12-இல் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகள் சிலவும் அதில் சிக்கின. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. எக்ஸ்பிக்கோ தாக்குதல் நடந்த பிறகுதான் அவசரமாகத் தரப்பட்டது. ஆனால் மிகுதியாக அடிபட்டவை எக்ஸ்பி பொறிகள் அல்ல, கையில் கிடைத்த திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 பொறிகளே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எக்ஸ்பி ஓய்வு பெற்ற அந்த 2014-இல், தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை தன் அலுவலகங்களுக்கு ஒரு மாற்றைக் காட்டியது: 'பாஸ்' லினக்ஸ். பெயரைக் கேட்டு ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணவேண்டாம். அடையாற்றை அடுத்த தரமணியில், டைடல் பூங்காவில் இயங்கும் சி-டாக் மையம் உருவாக்கியது அது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸையும், அதன்மேல் தன்னார்வலர்கள் கட்டிய டெபியன் தொகுப்பையும் அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழி வசதிகளைச் சேர்த்து, 2007-இல் அதன் முதல் பதிப்பு வெளியாயிற்று. அதற்குச் சற்று முன்பே நந்தனத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகத்திலேயே சூஸே லினக்ஸுக்கு மாறியிருந்தது.

லினக்ஸ் எவ்வாறு காக்கிறது? எக்ஸ்பியை நிறுவும்போது உருவாகும் பயனர் பெரும்பாலும் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியாகவே இருப்பார். அவர் தவறாகத் திறக்கும் நச்சுநிரலுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். லினக்ஸில் அன்றாடப் பயனர் வேறு, நிர்வாகி வேறு. மென்பொருள்களும் கண்ட இடத்திலிருந்து வராமல், மின்ஒப்பமிட்ட பொதுக் களஞ்சியத்திலிருந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. அவை நின்றுபோன லினக்ஸ் பதிப்பு, எக்ஸ்பியைப் போலவே ஓட்டைப் பாத்திரம்தான்.

மாற்றத்தில் இடறியது எங்கே தெரியுமா? தமிழில்! அலுவலகங்களில் ஆண்டுக்கணக்காகக் கடிதங்கள் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகி வந்தன. அவற்றில் 'அ' என்னும் எழுத்து, கணிப்பொறியின் பார்வையில் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்துக்கு உரிய எண். அந்த எழுத்துரு இல்லாத பொறியில் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள் கொட்டும். ஒருங்குறியைத் தரமாக ஏற்று 2010-இலேயே அரசாணை வந்தது. ஆனால் பீரோவிலிருக்கும் பழைய கோப்பு அரசாணையைப் படிப்பதில்லையே! இயங்குதளம் இலவசமாகக் கிடைத்தாலும், கோப்புகளை மாற்றுவதும் ஊழியரின் கைப்பழக்கத்தை மாற்றுவதும் இலவசம் அல்ல. என் கருத்தில், மாற்றம் மெதுவாக நகர்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுவே. விண்டோஸில் மட்டும் இயங்கும்படி எழுதப்பட்ட துறைசார் நிரல்கள் மீதிப் பாதி.

பழைய பொறிக்கு லினக்ஸ் சாகாவரம் தரும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, பழைய 32-பிட் கணிப்பொறிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. எக்ஸ்பி காலத்துப் பொறிகளில் பெரும்பாலானவை அந்த வகையே. அதே ஆண்டு அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பொறிகளில் பெரும்பாலானவை 64-பிட் என்பதால், அவற்றுக்கு டெபியன் கதவு திறந்தே இருக்கிறது. எக்ஸ்பி பொறியை இன்னும் வைத்திருப்பவர், இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு அதில் கடிதம் தட்டச்சு செய்யலாம். ஆனால் எழுதியதை ஒருங்குறியிலேயே சேமித்து வைக்கட்டும்.